பிரிந்த மறுநாள் பையில் இருக்கிற நோட்டு செல்லுமா?

கேள்வி (வாசகர் ஒருவர், 8 ஜூலை 2024)

ஒரு மாநிலம் பிரிந்து தனிநாடாகிறது என்று வைத்துக்கொள்வோம். கொடி, கீதம், உரிமை பற்றியெல்லாம் நிறையப் படித்துவிட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. மறுநாள் காலையில் மளிகைக் கடையில் என் பையில் இருக்கிற நோட்டு செல்லுமா? அந்தப் பக்கம் வேலை பார்ப்பவன் வேலைக்குப் போக முடியுமா? குழாயில் தண்ணீர் வருமா? சட்டப் புத்தகம் வேண்டாம், யாராவது கண்டதைச் சொல்லுங்கள்.

8 ஜூலை, இரவு

செல்லும். போகலாம். வரும்.

எனக்குத் தெரிந்த ஒரே இடத்தில் அப்படித்தான் நடந்தது. சிங்கப்பூர், 1965 ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை, காலை பத்து மணி. வானொலியில் பாட்டை நிறுத்திவிட்டு அறிவிப்பை வாசித்தார்கள்: மலேசியாவிலிருந்து பிரிந்தாயிற்று. நான் அப்போது பிறக்கவில்லை. அப்பா மலேசியப் பக்கம் ஜொகூர் பாருவில் (ஜேபி என்போம்) குடியிருந்துகொண்டு, தினமும் சைக்கிளில் கடற்பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் செம்பவாங் நேவல் பேஸுக்கு, அதாவது பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துக்கு, வேலைக்குப் போய்வந்தார். அன்று காலை உள்ளூரிலேயே வேலைக்குப் போனவர் சாயங்காலம் வெளிநாட்டிலிருந்து வீடு திரும்பினார். வழியில் யாரும் நிறுத்தவில்லை. பாலத்தைத் தாண்டியதும் வழக்கமான கடையில் ரொட்டி வாங்கினார், வழக்கமான காசைக் கொடுத்தார்.

மீதியை நாளை எழுதுகிறேன்.

9 ஜூலை

நோட்டு விஷயம். அப்போது மலாயா, சிங்கப்பூர், சரவாக், சபா, புருணை எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளிதான் (டாலரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). பாய்மரப் படகு போட்ட ஒரு வெள்ளி நோட்டும், எருமை கட்டி உழுகிற பத்து வெள்ளி நோட்டும் எங்கள் வீட்டுப் பெட்டியில் இன்னும் இருக்கின்றன. நாடு பிரிந்தும் நோட்டு பிரியவில்லை. ஒரே நாணயத்தைத் தொடரலாம் என்று பேசிப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. 1967 ஜூன் 12 அன்று மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனி நோட்டு வெளியிட்டன. ஆக, கேள்வி கேட்டவருக்குக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அவகாசம் கிடைத்திருக்கும்.

அதற்குப் பிறகும் ஒன்றுக்கு ஒன்று. இந்த வெள்ளியை அங்கே கொடுக்கலாம், அந்த வெள்ளியை இங்கே கொடுக்கலாம். 1973 மே 8 அன்று மலேசியா அந்த ஏற்பாட்டிலிருந்து விலகியது. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். ஜேபியில் பாதிப் பேர் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பாலத்துக்கு ஓடுவது அந்த ஒரு கணக்குக்காகத்தான். நானும் இருபத்தெட்டு வருஷம் ஓடியவன்.

புருணை விலகவில்லை. புருணை வெள்ளி இன்றைக்கும் சிங்கப்பூர் வெள்ளிக்குச் சமம். சில வருஷம் முன்பு சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடையில் மீதிச் சில்லறையாகப் பத்து வெள்ளி கொடுத்தார்கள். வெளியே வந்து பார்த்தால் நோட்டில் ஒரு சுல்தான். கள்ள நோட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று திரும்பிப் போய்ச் சத்தம் போட்டேன். கடைக்காரர் நிதானமாக, "அண்ணே, வங்கியில கேட்டுப் பாருங்க" என்றார். கேட்டேன். அவர் சொன்னதுதான் சரி. வெட்கமாகப் போய்விட்டது.

11 ஜூலை

"வரலாறு தெரியாமல் எழுதாதீர். சிங்கப்பூர் பிரியவில்லை, துரத்தப்பட்டது" என்று ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார்.

மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் வெளியேற்ற முடிவு செய்தது உண்மை. சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ தொலைக்காட்சியில் அழுததும் உண்மை. ஆனால் கோலாலம்பூரில் மலேசியத் துணைப் பிரதமர் ரசாக்கிடம் பேசப்போன சிங்கப்பூர் நிதியமைச்சர் கோ கெங் சுவீ, ஒட்டவைக்கிற பேச்சை விட்டுவிட்டு, சுத்தமாகப் பிரிந்துவிடலாம் என்ற பேச்சைத்தான் நடத்தினார். இதைப் பின்னாளில் அவரே சொன்னார். பத்திரங்களை எழுதியவர் சிங்கப்பூரின் சட்ட அமைச்சர் எட்மண்ட் பார்க்கர். கையெழுத்து ஆகஸ்ட் 7. ஒன்பதாம் தேதி கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் 126 ஓட்டு ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. துரத்தினார்களா, கிளம்பினார்களா என்று கேட்டால், சில கல்யாணங்கள் முடிகிற மாதிரிதான். யார் முதலில் சொன்னது என்று இரண்டு வீட்டிலும் இரண்டு கதை இருக்கும்.

பொதுவாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. நேவல் பேஸில் இருந்தவர்களுக்குச் சேதியே பகல் சாப்பாட்டு நேரத்தில்தான் வந்ததாம்.

கையெழுத்துப் போடத் தயங்கியவர்களில் ராஜரத்தினமும் ஒருவர். யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் பிறந்து மலாயாவின் சிரம்பானில் வளர்ந்தவர். அவரைத்தான் புது நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர் ஆக்கினார்கள். வளர்ந்த ஊரே அவருக்கு வெளியுறவு ஆகிவிட்டது.

12 ஜூலை

செக்கோஸ்லோவாக்கியாவை ஒருவர் நினைவுபடுத்தினார், நன்றி. அவர்கள் நல்ல பிள்ளைகள் மாதிரி 1993 ஜனவரி 1 அன்று பிரிந்தார்கள். ஆறு மாதமாவது ஒரே நாணயத்தில் இருப்போம் என்று பேச்சு. ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை, பிப்ரவரி 8 அன்று பிரித்துவிட்டார்கள். புது நோட்டு அச்சடிக்க நேரம் இல்லாததால் பழைய நோட்டின் மேல் தபால்தலை மாதிரி ஒரு சின்ன வில்லையை ஒட்டினார்கள். செக் வில்லை ஒட்டினால் செக் நோட்டு, ஸ்லோவாக் வில்லை ஒட்டினால் ஸ்லோவாக் நோட்டு. எல்லைக்குப் பக்கத்து ஊரில் பசை விற்றவன் பிழைத்திருப்பான்.

1947ல் பிரிந்த பாகிஸ்தானும் கிட்டத்தட்ட இப்படித்தான் ஆரம்பித்தது. இந்திய ரூபாய் நோட்டின் மேல் "பாகிஸ்தான் அரசு" என்று அச்சுக் குத்திப் புழங்கவிட்டார்கள். அடுத்த வருஷம் நடுப்பகுதிவரை அந்த நாட்டுக்கும் இந்திய ரிசர்வ் வங்கிதான் மத்திய வங்கி.

சொத்துப் பிரிவினையில் செக்காரர்கள் வைத்துக்கொண்ட கணக்கு எனக்குப் பிடிக்கும். நகர்த்தக்கூடியதெல்லாம் மக்கள் தொகைப்படி இரண்டுக்கு ஒன்று. நகர்த்த முடியாதது எந்த மண்ணில் நிற்கிறதோ அந்த நாட்டுக்கு. பழைய கொடியை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். செக் குடியரசு அதே கொடியை எடுத்துக்கொண்டது.

15 ஜூலை

நகர்த்த முடியாதது எந்த மண்ணில் நிற்கிறதோ அந்த நாட்டுக்கு என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனவனுக்குத் தஞ்சோங் பகார் நினைவு வந்துவிட்டது.

சிங்கப்பூருக்குள் ஓடிய ரயில் பாதையும், தஞ்சோங் பகார் நிலையமும், அவை நின்ற நிலமும் மலேசிய ரயில்வேயிடம் இருந்தன. 1918ஆம் வருஷத்து வெள்ளைக்காரச் சட்டம், 999 வருஷக் குத்தகை. நாடு பிரிந்தபோது இதைப் பிரிக்கவில்லை. 1990ல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று இருபது வருஷம் சண்டை போட்டார்கள். உலகத்திலேயே விலை அதிகமான மண்களில் ஒன்றின் நடுவில் வேறு நாட்டு ரயில், இரண்டு பக்கமும் வாழைமரமும் புதருமாக, ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது.

1998 ஆகஸ்டில் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சாவடியைக் கடற்பாலத்தின் சிங்கப்பூர் முனையான உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசிய அதிகாரிகள் தஞ்சோங் பகாரைவிட்டு நகர மறுத்தார்கள். என்ன ஆயிற்று தெரியுமா? அத்தையை மலேசியாவில் குளுவாங்கில் பார்க்கப் போகும்போதெல்லாம் இது நடக்கும். தஞ்சோங் பகாரில் முதலில் மலேசிய மேசை. பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, சரி போ, மலேசியாவுக்குள் வந்துவிட்டாய் என்று விடுவார்கள். ரயில் ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்துப் பரோட்டாவைத் தின்று கையைத் துடைத்தால் உட்லண்ட்ஸ். எல்லாரும் இறங்க வேண்டும். அங்கே சிங்கப்பூர் மேசை: நீ இப்போதுதான் சிங்கப்பூரைவிட்டுப் போகிறாய். நடுவில் அந்த அரை மணி நேரம் நான் எங்கே இருந்தேன்? விடுவதற்கு முன்பே நுழைந்த ஆள். பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒருவர், "தம்பி, இங்க யாராவது செத்தா ரெண்டு நாட்டுலயும் பதியணும்" என்றார். சிரித்துக்கொண்டே போனோம்.

2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில். ஓட்டியவர் ஜொகூர் சுல்தான், நிஜமாகவே அவர்தான். நானும் கூட்டத்தில் நின்றேன். கைப்பேசி வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, ஊதல் சத்தம் மட்டும் கேட்டது. நிலத்துக்குப் பதிலாக நகருக்குள் வேறு நிலம் கொடுத்து, கூட்டு நிறுவனம் வைத்து, 60 பங்கு மலேசியாவுக்கு 40 பங்கு சிங்கப்பூருக்கு என்று முடித்தார்கள். 1965ல் பிரிந்த வீட்டில் ஒரு ஜன்னலைப் பிரித்து முடிக்க 46 வருஷம்.

16 ஜூலை

நேற்று ஒன்று விட்டுப்போனது. 1973ல் ஒன்றுக்கு ஒன்று முடிந்தது என்றேன் இல்லையா? ரயிலில் முடியவில்லை. பாலத்தைத் தாண்டுகிற குட்டி ரயிலுக்கு உட்லண்ட்ஸில் ஏறினால் 5 சிங்கப்பூர் வெள்ளி, ஜேபியில் ஏறினால் 5 ரிங்கிட். அதே பெட்டி, அதே ஐந்து நிமிஷம். முன்பு தஞ்சோங் பகாரிலும் இதே கதைதான். டிக்கெட்டில் எண் ஒன்று, அந்தப் பக்கம் வெள்ளி, இந்தப் பக்கம் ரிங்கிட். அதனால்தான் விவரம் தெரிந்தவன் பஸ்ஸில் ஜேபிக்கு வந்து ரயில் ஏறுவான்.

விமானத்தையும் சொல்லிவிடுகிறேன். நாடு பிரிந்தபிறகு ஏழு வருஷம் இரண்டு நாட்டுக்கும் ஒரே விமான நிறுவனம் (மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்), 1972ல்தான் தனித்தனி. எம்.எஸ்.ஏ. என்ற மூன்று எழுத்தை விட மனமில்லாமல் சிங்கப்பூர்க்காரர்கள் தங்கள் பங்குக்கு "மெர்க்குரி சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்" என்றுகூடப் பெயர் வைத்துப் பார்த்தார்கள். மலேசியா ஒப்பவில்லை.

20 ஜூலை

தண்ணீர். பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது பக்கத்திலேயே பார்க்கலாம், ஆள் உயரக் குழாய்கள் பாலத்தோடு கூடவே ஓடும். ஜொகூர் ஆற்றுத் தண்ணீர். 1961ல் ஓர் ஒப்பந்தம், 1962ல் ஓர் ஒப்பந்தம். முதலாவது 2011ல் முடிந்தது, இரண்டாவது 2061வரை. நாளொன்றுக்கு 25 கோடி காலன்வரை எடுக்கலாம், ஆயிரம் காலனுக்கு விலை 3 காசு.

மூன்று காசு. தட்டுப்பிழை இல்லை. ஒரு கோப்பை தே தாரிக் (ஆற்றிய டீ) குடிக்கிற 2 ரிங்கிட்டுக்கு அந்த விலையில் சுமார் 3 லட்சம் லிட்டர் தண்ணீர் வரும். சுத்திகரித்த தண்ணீரில் ஒரு பங்கை ஜொகூர் திரும்ப வாங்குகிறது, ஆயிரம் காலன் 50 காசு. சுத்திகரிக்கவே அதைவிடப் பல மடங்கு ஆகிறது, எங்களுக்குத்தான் நஷ்டம் என்கிறது சிங்கப்பூர். எங்கள் ஆற்றைச் சும்மா கொடுத்துவிட்டோம் என்கிறது ஜொகூர். தே தாரிக் கடையில் இந்தப் பேச்சு எழுந்தால் நான் கோப்பையை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவேன். இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள்.

கேள்விக்குப் பதில்: 1965 பிரிவினைப் பத்திரத்திலேயே இந்தத் தண்ணீர் ஒப்பந்தங்களை மதிப்போம் என்று எழுதி, ஐ.நா.வில் பதிவும் செய்தார்கள். அன்று அவசர அவசரமாகப் பிரித்தவர்கள் இந்த ஒன்றில் மட்டும் அவசரப்படவில்லை. அப்படியும் பயம் போகவில்லை. குழாயை மூடிவிடுவோம் என்று மிரட்டலாமே என்று துங்கு பிரிட்டிஷ் தூதரிடம் சொன்ன சேதி லீ காதுக்கு அப்போதே வந்தது. கழிவுநீரைச் சுத்தம் செய்து குடிப்பது, கடல்நீரைக் குடிநீராக்குவது, மரினா முகத்துவாரத்தை அடைத்து ஏரியாக்குவது என்று சிங்கப்பூர் அடுத்தடுத்து இறங்கியதற்குக் காரணம் அந்தப் பயம்தான்.

21 ஜூலை

யாரும் கேட்காத ஒன்று, எனக்குப் பிடித்தது: தொலைபேசி. சிங்கப்பூரின் நாட்டு எண் 65. ஆனால் மலேசிய வீட்டுப் போனிலிருந்து 02 போட்டாலே சிங்கப்பூர். வெளிமாநிலத்துக்குப் பேசுகிற மாதிரி. பினாங்கு 04, ஜொகூர் 07, சிங்கப்பூர் 02. போனுக்கு நாடு பிரிந்த சேதி ரொம்ப நாள் போகவே இல்லை. செக், ஸ்லோவாக் இரண்டு பேரும் செத்துப்போன நாட்டின் 42ஆம் எண்ணை 1997வரை வைத்திருந்தார்கள்.

கடிகாரமும் அப்படித்தான். 1982 ஜனவரி 1 அன்று மலேசியா தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளியது, சபாவும் சரவாக்கும் தீபகற்பமும் ஒரே மணியில் இருக்க வேண்டும் என்று. சிங்கப்பூர் தனிநாடாகிப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. என்ன செய்தது? அதுவும் தள்ளியது. அப்போது எனக்கு வயது பதினொன்று. குளுவாங் தோட்டத்தில் அத்தை கும்மிருட்டில் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடம்) எழுந்து போக வேண்டியதாயிற்று என்று பிரதமர் மகாதீரைத் திட்டிக்கொண்டே டார்ச்சைத் தேடியது நினைவிருக்கிறது.

27 ஜூலை

எட்டாம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். "செல்லும், போகலாம், வரும்." கொஞ்சம் ஜம்பமாக எழுதிவிட்டேன். மறுநாள் போகலாம், சரி. இரண்டு வருஷம் கழித்து?

அப்பாவும் பெரியப்பாவும் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சிறுவர்களாகக் கப்பலேறி வந்தவர்கள். இரண்டு பேருக்கும் நேவல் பேஸில் வேலை. பெரியப்பா செம்பவாங் லைன் வீட்டில், அப்பா ஜேபியில். 1957ல் சிங்கப்பூர்க் குடியுரிமைப் பதிவு நடந்தபோது பெரியப்பா பதிந்துகொண்டார். அதே வருஷம் மலாயா விடுதலை அடைந்தபோது இந்தப் பக்கமும் பதியச் சொன்னார்கள். அப்பா பதியவில்லை. ஏன் என்று கேட்டால், "அரை நாள் சம்பளம் போயிருக்கும்டா" என்பார்.

1965ல் இதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. 1967ல் பாலத்தின் இரண்டு முனையிலும் பாஸ்போர்ட் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்பாவிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை, சிவப்பு அடையாள அட்டை மட்டும்தான். கடைசியில் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தார். மலேசியாவில் குடியிருக்க அனுமதி, சிங்கப்பூரில் வேலை செய்ய பெர்மிட், தினமும் போக ஒரு சாப்பு (முத்திரை) வர ஒரு சாப்பு. அந்தப் பாஸ்போர்ட் இப்போது என் மேசையில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் சாப்பின் மேல் சாப்பு, ஊதா மை அடுத்த பக்கத்துக்கும் ஊறியிருக்கிறது. பிறந்த நாடு ஒன்று, வீடு ஒரு நாடு, வேலை ஒரு நாடு.

1968ல் பிரிட்டிஷ்காரன் தளத்தை மூடப்போவதாக அறிவித்தான். 1971க்குள் எல்லாம் முடிந்தது. கூட வேலை செய்தவர்களில் பலபேர் கைக்குக் கிடைத்த பணத்தோடு கப்பலேறி ஊருக்குத் திரும்பினார்கள். அப்பா ஜேபியிலேயே பத்திரிகைக் கடை வைத்தார். கடைசிவரை சிவப்பு அட்டை. ஒரு தேர்தலில்கூட ஓட்டுப் போட்டதில்லை. ஆனால் அவர் கடையில்தான் எல்லாக் கட்சிக்காரனும் உட்கார்ந்து பேசுவான்.

அட்டை நிறத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு: மலேசியாவில் நீலம் என்றால் குடிமகன், சிவப்பு என்றால் நிரந்தரவாசி. சிங்கப்பூரில் இளஞ்சிவப்பு என்றால் குடிமகன், நீலம் என்றால் நிரந்தரவாசி. என் பையில் இரண்டு நீலம். ஒன்று சொந்தக்காரன் என்கிறது, இன்னொன்று விருந்தாளி என்கிறது. ஒருமுறை அவசரத்தில் மாற்றி நீட்டிவிட்டு, பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்ட, பையைத் துழாவினேன்.

ஆகவே தம்பி, நோட்டைப் பற்றிக் கேட்டாய். நான் இப்போது கேட்டால் அட்டையைப் பற்றித்தான் கேட்பேன்.

28 ஜூலை

"ராணுவம்?" என்று ஒற்றைச் சொல்லில் ஒருவர். நான் பட்டாளத்துக்காரன் இல்லை, மகன் தேசிய சேவை செய்தவன், அவ்வளவுதான். நிரந்தரவாசியின் பிள்ளைக்கும் அது உண்டு.

1965ல் சிங்கப்பூருக்கென்று இருந்தது இரண்டு பட்டாளப் பிரிவுகள். தளபதி மலேசியப் பிரிகேடியர். சிப்பாய்களில் பெரும்பகுதி மலேசியர்கள். டிசம்பரில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் முதல்முறை கூடியபோது, பிரதமர் காருக்கு முன்னால் என் மோட்டார் சைக்கிள் வீரர்கள்தான் போவார்கள் என்று அந்தப் பிரிகேடியர் நின்றார், அப்படியே போகவும் போனார்கள். இதை லீயே எழுதியிருக்கிறார். 1966 பிப்ரவரியில் சபாவிலிருந்து திரும்பிய சிங்கப்பூர்ச் சிப்பாய்களுக்குத் தங்கள் முகாமிலேயே இடம் இல்லை, மலேசியப் படை காலி செய்ய மறுத்துவிட்டது. ஃபேரர் பார்க் திடலில் கூடாரம் அடித்துப் படுத்தார்கள். 1967ல் கட்டாயத் தேசிய சேவை வந்ததைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு சம்பவம் போதும் என்று மகனிடம் சொன்னேன். அவன் சப்பாத்தை மினுக்கிக்கொண்டிருந்தான், கேட்டமாதிரித் தெரியவில்லை.

3 ஆகஸ்ட்

"சிங்கப்பூர் ஒரு விதிவிலக்கு. மற்ற இடங்களில்?" நியாயமான கேள்வி.

ஸ்காட்லாந்து 2014ல் ஓட்டெடுப்பு நடத்தியது. நம் நண்பர் கேட்ட நோட்டுக் கேள்விதான் அங்கே பெரிய கேள்வி. பவுண்டைப் பகிர்ந்துகொள்வோம் என்றார் பிரிவினை கேட்ட ஸ்காட்லாந்து முதலமைச்சர் சால்மண்ட். பிரிந்து போனால் பவுண்டையும் விட்டுத்தான் போகவேண்டும் என்றார் லண்டன் நிதியமைச்சர் ஆஸ்போர்ன். வேண்டாம் என்றவர்கள் 55 சதவீதம். என் கணிப்பு: அந்தப் பதில் மட்டும் தெளிவாக இருந்திருந்தால் இன்னும் நெருங்கியிருக்கும்.

நெருக்கம் என்றால் கனடாவின் கியூபெக் மாநிலம், 1995. பிரிய வேண்டாம் 50.58, பிரிவோம் 49.42, வித்தியாசம் சுமார் 54,000 ஓட்டு. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அதே மாதம் கியூபெக்கின் வடக்கே கிரீ பழங்குடி மக்கள் தனியாக ஓர் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். 96 சதவீதம் பேர், கியூபெக் போனாலும் நாங்கள் கனடாவிலேயே இருக்கிறோம் என்றார்கள். நாடு பிரியலாம் என்றால் மாநிலமும் பிரியலாம்தானே? அந்தக் கேள்வி ஆரம்பித்தால் எந்தத் தெருவில் நிற்கும் என்று யாருக்கும் பிடிபடவில்லை.

தென் சூடானில் 2011 ஜூலை 9 அன்று கொடி ஏறியது, 98 சதவீதத்துக்கு மேல் ஆதரவு ஓட்டு. எண்ணெய் பெரும்பாலும் தெற்கே, குழாயும் துறைமுகமும் வடக்கே. பீப்பாய்க்கு 36 டாலர் கட்டணம் கேட்டது வடக்கு. ஒரு டாலருக்கு மேல் தரமாட்டோம் என்றது தெற்கு. 2012 ஜனவரியில் தெற்கு தன் எண்ணெயைத் தானே நிறுத்திக்கொண்டது, தன் அரசாங்க வருமானம் கிட்டத்தட்ட முழுக்க அதில்தான் என்று தெரிந்தே. நோட்டு? இரண்டு பக்கமும் அந்த ஜூலையிலேயே புது நோட்டு. கேள்வி கேட்டவர் தென் சூடான் தலைநகர் ஜுபாவில் இருந்திருந்தால் என் முதல் பதில் தப்பு.

9 ஆகஸ்ட்

இன்று சிங்கப்பூருக்கு விடுமுறை, ஆகவே பாலம் ஜேபி பக்கம் திணறுகிறது. நாடு பிரிந்த நாளைக் கொண்டாட அவர்கள் எங்கே போவார்கள்? பிரிந்து வந்த இடத்துக்குத்தான், மீன் தலைக்கறி சாப்பிடவும் கார் கழுவவும். முக்கால் டாங்க் பெட்ரோல் இல்லாமல் சிங்கப்பூர்க் காரை வெளியே விடமாட்டார்கள், இங்கே மலிவு எண்ணெய் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாது என்று.

2024 மார்ச்சிலிருந்து உட்லண்ட்ஸில் சிங்கப்பூர்ச் சாவடியில் காரில் போனால் பாஸ்போர்ட்டை நீட்டவே வேண்டாம், கைப்பேசியில் ஒரு கியூஆர் கட்டத்தைக் காட்டினால் போதும். அப்பாவின் ஊதா மைப் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தைப் பார்த்தேன்.

17 ஆகஸ்ட்

பெட்ரா பிராங்காவை விட்டுவிட்டேன் என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். சரி: கலங்கரை விளக்கம் நிற்கிற பாறை. 1979ல் மலேசியா ஒரு வரைபடத்தில் அதைத் தன்னுடையது என்று போட்டது. 2008ல் அனைத்துலக நீதிமன்றம் பாறை சிங்கப்பூருக்கு, பக்கத்து நடுப்பாறைகள் மலேசியாவுக்கு என்றது. இரண்டு நாடும் வென்றதாகச் சொன்னார்கள். அதில் யாரும் குடியிருக்கவில்லை, எனக்கு ஆர்வமும் இல்லை.

25 ஆகஸ்ட்

27 ஜூலைக் குறிப்பில் ஒரு திருத்தம், பெரிய திருத்தம்.

அதைப் படித்துவிட்டுப் பெரியப்பா மகள் சிங்கப்பூர் ஈசூனிலிருந்து கூப்பிட்டது. "சித்தப்பா அரை நாள் சம்பளத்துக்காகப் போகலன்னு எழுதியிருக்கே. யாரு சொன்னா?" அவரே சொன்னார் அக்கா என்றேன். "வந்து பாரு" என்றது.

நேற்றுப் போனேன். பெரியப்பாவின் தகரப் பெட்டி, மேலே ரசகற்பூர வாசனை. அடியில் காக்கி உறைக்குள் ஒரு விண்ணப்பம். மலாயாக் குடியுரிமைக்கு. அப்பா பெயர், அப்பா ஊர், வந்த கப்பல், எல்லாம் பெரியப்பாவின் கையெழுத்தில், அந்தச் சாய்ந்த எழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத வராது, அண்ணனிடம் கொடுத்து நிரப்பச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் பக்கத்தில் பிறந்த தேதி கேட்கிற கட்டம். அங்கே பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அப்பாவுக்குப் பிறந்த தேதி தெரியாது. ஊருக்கு எழுதிக் கேட்கலாம் என்று வைத்திருப்பார் போலிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு கட்டமும் நிரப்பவில்லை. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் அப்பாவின் பெருவிரல் ரேகை மட்டும் இருக்கிறது.

அக்கா காப்பி போட்டுக்கொடுத்தது. இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை. பெரியப்பா மறந்துவிட்டாரா, அப்பா கேட்க மறந்துவிட்டாரா, கேட்டும் அண்ணனைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று அரை நாள் சம்பளக் கதையைக் கட்டினாரா, கேட்க இரண்டு பேரும் இல்லை. அந்த உறையை நீயே வைத்துக்கொள் என்றது அக்கா. வேண்டாம், பெட்டியிலேயே இருக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

26 ஆகஸ்ட்

புருணை நோட்டு என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கு: இத்தனை வருஷம் பர்ஸின் பின்பக்கத்திலேயே கிடந்தது. முந்தாநாள் ஈசூனில் பஸ் ஏறுவதற்கு முன் பழக்கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். கடைக்கார அம்மா சுல்தான் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை, மீதியைச் சரியாக எண்ணிக் கொடுத்தார்.